ஹெச்.பி. மட்டும் பார்த்து மோட்டார் வாங்கலாமா?

பம்ப்செட் சோதனை சொல்லும் கணக்கு

அடுத்தடுத்த தோட்டங்கள். இரண்டிலும் 7.5 ஹெச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார். ஒன்றில் பைப் நிறையத் தண்ணீர் கொட்டுகிறது. மற்றதில் பாதிதான் வருகிறது. காயிலும் அடிக்கடி எரிகிறது. இதுபோன்ற இடங்களில் பல நேரம் குறை மோட்டாரில் இருப்பதில்லை. போர்வெல்லுக்கும் பம்புக்கும் பொருத்தம் இல்லை என்பதே காரணம்.

தொழிற்சாலையில் என்ன சோதிக்கிறார்கள்?

பம்புக்குள் சுழலும் இம்பெல்லர், நடுவில் நுழையும் தண்ணீரை ஓரத்துக்கு வீசுகிறது. அந்த வேகம் அழுத்தமாக மாறித் தண்ணீரை மேலே தள்ளுகிறது. டிராக்டர் இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போசார்ஜரிலும் இதே தத்துவம்தான். ஒரு இம்பெல்லரின் அழுத்தம் போதாது என்பதால், போர்வெல் பம்பில் பல இம்பெல்லர்களை அடுக்குகிறார்கள். அதுதான் ‘ஸ்டேஜ்’.

சோதனையில் பம்பைத் தண்ணீரில் இறக்கி ஓட்டி, டெலிவரி வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறார்கள். ஒவ்வொரு நிலையிலும் அழுத்தம், தண்ணீர் அளவு, மின்சாரம் மூன்றையும் குறிக்கிறார்கள். வால்வு மூடியிருந்தால் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், தண்ணீர் வராது. திறக்கத் திறக்கத் தண்ணீர் கூடும், அழுத்தம் குறையும். இடையே ஓரிடத்தில்தான் செலவாகும் மின்சாரத்துக்கு அதிகப் பலன் கிடைக்கும். பம்ப் அந்த இடத்தை ஒட்டி ஓட வேண்டும். கோவையில் உள்ள சிட்டார்க் ஆய்வகத்தில் இத்தகைய சோதனைகள் நடக்கின்றன. சப்மெர்சிபிள் பம்ப்செட்டுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 8034.

ஆழம் வேறு, ஹெட் வேறு

மோட்டாரை 400 அடியில் இறக்கினால் ஹெட்டும் 400 அடி என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மோட்டார் ஓடும்போது நீர்மட்டம் எங்கே நிற்கிறதோ, அங்கிருந்துதான் கணக்கு.

உதாரணமாக, ஓடும்போது நீர்மட்டம் 180 அடியில் நிற்கிறது. தொட்டியின் உயரம் 20 அடி. பைப் உராய்வுக்கு 20 அடி. மொத்தம் 220 அடி, அதாவது 67 மீட்டர். நேம் பிளேட்டில் உள்ள ஹெட் அளவுகளுக்கு நடுவில் 67 மீட்டர் வரும் பம்பே இந்த போர்வெல்லுக்கு ஏற்றது.

‘இருக்கட்டுமே’ என்று 120 மீட்டர் பம்பை வாங்கினால், அது தேவைக்கு மேல் தண்ணீரை இழுக்கும், ஆம்பியர் ஏறும், நீர்மட்டமும் வேகமாக இறங்கும். ஹெட் போதாத பம்பில் தண்ணீர் குறைந்துவிடும். சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர்விப்பதே அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான். அது குறைந்தால் காயில் சூடாகும்.

டிரம் போதும், சோதித்துவிடலாம்

1. 200 லிட்டர் டிரம் நிரம்பும் நேரத்தைக் குறிக்க வேண்டும். 50 விநாடி என்றால், விநாடிக்கு 4 லிட்டர்.

2. அதை மீட்டர் கணக்கிலான ஹெட்டால் பெருக்கி, 102-ஆல் வகுக்க வேண்டும். 4 × 67 ÷ 102 = 2.6 கிலோவாட். தண்ணீரைத் தூக்கப் பயன்பட்ட சக்தி இது.

3. மோட்டார் இழுக்கும் மின்சாரத்தை எலெக்ட்ரீஷியன் அளந்து சொல்வார். அது 6.5 கிலோவாட் என்றால் பலன் 40 சதவிகிதம். மீதி வீண்.

இலவச மின்சாரத்தில் இந்த இழப்பு பில்லில் தெரியாது. டிரம் மெதுவாக நிரம்புவதிலும், காயில் கட்டும் செலவிலும்தான் தெரியும்.

புது பம்ப் இறக்கிய அன்றே டிரம் நேரம், ஆம்பியர், நீர்மட்டம் மூன்றையும் ஸ்டார்ட்டர் பெட்டியின் உள்பக்கம் எழுதி வைப்பது நல்லது. கோடையிலும் மழைக்காலத்திலும் ஒருமுறை ஒப்பிட்டால் போதும்.

கேள்வி - பதில்

‘லைன் வேலை பார்த்த பிறகு தண்ணீர் திடீரென்று குறைந்துவிட்டது. பம்ப் போய்விட்டதா?’

பம்பைத் தூக்கும் முன் சுழலும் திசையைப் பார்க்க வேண்டும். மும்முனை இணைப்பில் இரண்டு பேஸ் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். தண்ணீரும் குறைவாக வரும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, எலெக்ட்ரீஷியன் இரண்டு வயர்களை மாற்றினால் சரியாகிவிடும். திசை சரியாக இருந்து, நீர்மட்டமும் இறங்காமல் தண்ணீர் மட்டும் குறைந்தால், பைப்பில் கசிவு இருக்கலாம். அல்லது மணல் அரித்து இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். அப்போதுதான் பம்பைத் தூக்க வேண்டும்.