மீட்டரைக் கடைசியில் பாருங்கள்

"பழைய வண்டிதாண்ணே, ஆனா முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்று திருத்தணியில் என் பட்டறைக்கு டெம்போ டிராவலரோடு வருவார்கள். குடும்பத்தோடு கோயில் கோயிலாகப் போய், வண்டியிலேயே சமைத்துப் படுக்க ஆசை. நான் மீட்டரைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

முதலில் டயர். பக்கவாட்டில் 2316 என்றிருந்தால், 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத் தயாரிப்பு. பட்டன் தேயாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகிவிட்டது, மாற்றுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். நின்றே கிடந்த வண்டியில் வீல் சிலிண்டர் துருப்பிடித்து இறுகும். சீட்டுக்கு அடியில் எலி கடித்த வயரைத் தேடுங்கள். கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டர் கணக்கைச் சந்தேகப்படுங்கள். சர்வீஸ் பில் கேளுங்கள்.

பிறகு கூட்டமில்லாத நேரத்தில் மலைக்கோயில் சாலை. ஏறும்போது டெம்பரேச்சர் முள்ளையும், இறங்கும்போது பிரேக்கையும் கவனியுங்கள்.

ஆந்திரப் பதிவு என்றால் அங்குள்ள ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, அவசியம். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் நிலுவை, கேரவனாக மாற்றியதற்கான பதிவு இரண்டையும் பாருங்கள். உள்ளே கேஸ் அடுப்பு இருந்தால் குழாயைப் புதிதாக மாற்றுங்கள்.

ஓடாத வண்டியைவிட, ஒழுங்காக ஓடிப் பராமரித்த வண்டியே மேல்.