ஆறு, பத்து, இரண்டு, ஆறு, பத்து

புற்றுநோயின் கடும் வலிக்கு மார்பின் மாத்திரை தொடங்கும்போது, டாக்டர்கள் சீட்டில் வழக்கமாக ஐந்து நேரங்களைக் குறிப்பார்கள். காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10. கடைசி வேளைக்கு மட்டும் இரட்டிப்பு. நோயாளி நடுராத்திரி விழிக்காமல் தூங்க வேண்டும் அல்லவா? நடுவில் வலி மீறினால் போட்டுக்கொள்ளத் தனியாக ஒரு வேளையும் எழுதியிருக்கும். மற்றபடி, வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மணி ஆனதும் மாத்திரை.

ஒரு வேளை மார்பினின் வேகம் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் தணிந்துவிடும் என்பது ஒரு காரணம். இன்னொன்று முதுகுத்தண்டில் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே உடம்பில் எங்கு வலித்தாலும் அந்தச் செய்தி தண்டுவடத்தில் தங்கி, அங்கே கூட்டப்பட்டோ குறைக்கப்பட்டோதான் மூளைக்குப் போகிறது. வாரக்கணக்கில் வலி ஓயாமல் வந்தால் அங்குள்ள நரம்புச் செல்கள் கூர்மையாகிவிடுகின்றன. பிறகு போர்வை உரசினாலே உயிர் போகும். வலியைத் தலைதூக்க விடாமல் வைத்தால்தான் அந்தச் செல்கள் அடங்கும்.

அந்தச் செல்களின் மேலேயே மார்பின் கச்சிதமாகப் பொருந்தும் ஏற்பிகள் இருக்கின்றன. இத்தகைய ஏற்பிகளை 1973-இல் கண்டறிந்தார்கள். நம் உடம்பு தானே சுரக்கும் எண்டார்பினுக்கான இடம் அது; வயலில் பூக்கும் கசகசாச் செடியின் பாலில் உள்ள மார்பினும் அதே இடத்தில் வந்து உட்காருகிறது! ஆனால் அதே ஏற்பிகள் குடலிலும் உண்டு. அதனால் மலம் இறுகும். மார்பின் தரும் குமட்டல் சில நாளில் போய்விடும், மலச்சிக்கல் போகாது. முதல் நாளே மலமிளக்கியும் சேர்த்துத் தராவிட்டால், நோயாளி "வலியே தேவலை" என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்.

அவர் நிறுத்தியது யாருக்குத் தெரியும்? நகரத்துப் புற்றுநோய் டாக்டர் அவரை அடுத்துப் பார்க்க ஒரு மாதம் ஆகும். மருந்து எழுதிய கைக்கும் அதை விழுங்கும் வாய்க்கும் நடுவில் இவ்வளவு தூரம். வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சையின் பாதி வேலை அந்தத் தூரத்தில்தான் நடக்கிறது.

அந்தத் தூரத்தை நன்றாகக் குறைத்துக் காட்டிய ஊர் கோழிக்கோடு. 1993-இல் அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு வலி நிவாரணச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். கிளினிக்குக்கு வர முடிந்தவர்களுக்கு மட்டுமே அது உதவியது. எழுந்து உட்காரவே முடியாதவர் எப்படி வருவார்? அதனால் 2000-ஐ ஒட்டி, மலப்புரம் பகுதியில் ஊர்க்காரர்களையே பயிற்றுவிக்கும் வலைப்பின்னல் உருவானது. ஆசிரியர், கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், மாணவர் என்று வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய யாரும் சேரலாம். 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. இன்று அங்கே ஊராட்சி ஏற்பாட்டில் நர்ஸ் வீடு தேடி வருகிறார்.

வந்த நர்ஸ் என்ன செய்வார்? வாய்ப் புற்று கன்னத்தைத் துளைத்து வெளியே வந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில் இது அரிதல்ல. புண்ணின் நாற்றத்தால் பேரப்பிள்ளைகள் அறைக்குள் வருவதில்லை. தட்டு வாசலோடு நிற்கிறது. நாற்றத்துக்குக் காரணம், காற்றில்லாத அழுகல் திசுவில் வாழும் பாக்டீரியா. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் அவை சாகும். நர்ஸ் உப்புத் தண்ணீரால் புண்ணைக் கழுவி, பொடி தூவி, கட்டுப் போடுகிறார். மருமகளுக்கும் சொல்லித் தருகிறார். சில நாளில் நாற்றம் அடங்குகிறது. அறைக்குள் ஆள் வரத் தொடங்குகிறது.

லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ் இதைத்தான் வலியுறுத்தினார்: உடல் நோவு, மன நோவு, கடன் கவலை, தெய்வத்தோடு உள்ள சண்டை எல்லாம் சேர்ந்த ஒரே வலி அது. எந்த ஒரு டாக்டராலும் தனியாக அதைத் தீர்க்க முடியாது. எலும்பில் பரவிய வலிக்குக் கதிர்வீச்சுத் துறை ஒரே ஒரு முறை கதிர் பாய்ச்சினால் பல பேருக்குப் போதும். நரம்பு வலிக்கு வேறு மாத்திரை. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு ஊரார். இத்தனை பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வேண்டும்.

இத்தனை பேர் கூடினாலும் மார்பின் கையில் இருக்க வேண்டும். அதைத் தரும் கசகசாவைச் சட்டப்படி பயிரிடும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் வயல் வயலாகப் பூக்கிறது. அப்படியிருந்தும் 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் உரிமக் கெடுபிடிக்குப் பயந்து மருத்துவமனைகள் மார்பினைக் கைவிட்டன. ஒரு தலைமுறை நோயாளிகள் கதறிக்கொண்டே செத்தார்கள். இதை மன்னிக்க என்னால் முடியவில்லை. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. பயம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

'ஆதரவு சிகிச்சையைக் கடைசிக் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற நினைப்பும் தவறு. பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரை இரு பிரிவாக்கிப் பார்த்த ஆய்வு 2010-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு ஆதரவு சிகிச்சையையும் தொடக்கத்திலிருந்தே பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து இருந்தார்கள். இடைநிலை ஆயுளும் அவர்களுக்கு 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் நோய் ஆதரவு சிகிச்சையும் அடக்கம். "இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்று டாக்டர் கையை விரித்தால், உடனே கிளம்பாதீர்கள். வலிக்கு யார் மருந்து தருவார், எங்கள் ஊருக்கு எந்த நர்ஸ் வருவார் என்று அங்கேயே கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 104-க்குப் போன் செய்யுங்கள். நோயறிந்த நாளிலேயே கேட்டால் இன்னும் நல்லது.