மில் நிலம் கை மாறும்போது நாம் கேட்க வேண்டியது என்ன?



பல நகரங்களுக்கு அரசு ஒரு திட்ட வரைபடம் வைத்திருக்கிறது. எங்கே வீடு, எங்கே தொழிற்சாலை, எங்கே பூங்கா என்று அதில் தனித்தனி கலரில் குறித்திருப்பார்கள். தொழிற்சாலைக்கு ஒதுக்கிய இடத்தைக் கடை, ஆபீஸ், அடுக்குமாடி வீடு என்று மாற்றுவதற்கு நிலப் பயன்பாடு மாற்றம் என்று பெயர். வெறும் கலர்தானே என்று இருந்துவிடாதீங்க. கலர் மாறினால் அதே நிலத்தின் விலை பல மடங்கு ஏறிவிடும். ஏறிய பணம் யாருக்குப் போகிறது? மும்பை மில் பகுதியின் கதை இதை நன்றாக விளக்கும்.

சோறு போட்ட மில்கள்

பரேல், லால்பாக், ஒர்லி பகுதிகளில் சுமார் 600 ஏக்கரில் பஞ்சாலைகள் இருந்தன. கொங்கண் கிராமங்களிலிருந்து குடும்பத்தை விட்டுவிட்டு வந்த ஆண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு மாதக் கணக்கில் சாப்பாடு சமைத்துப் போட்டுப் பல பெண்கள் பிழைத்தார்கள். 1975-ல் பிரேமா புரவ் அந்தப் பெண்களை அன்னபூர்ணா மகளிர் மண்டலாகச் சேர்த்து, குழுவாக வங்கிக் கடன் வாங்க வழி செய்தார். நம்மைப் போன்ற குழுக்களுக்கு அவர்கள் அக்காமார்கள்!

1982 ஜனவரியில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதன்பின் பல மில்கள் ஒவ்வொன்றாக மூடின. மில்லை நம்பியிருந்த அடுப்புகளும் அணைந்தன.

ஒரு வார்த்தையில் போன நிலம்

1991-ல் ஒரு விதி வந்தது. மில் நிலத்தை மாற்றிக் கட்டினால் ஏறக்குறைய ஒரு பங்கு பூங்கா, மைதானத்துக்காக மாநகராட்சிக்கு, ஒரு பங்கு வீட்டு வசதி வாரியத்துக்கு, ஒரு பங்கு முதலாளிக்கு. 2001-ல் அந்த விதியைத் திருத்தினார்கள். கட்டிடம் இல்லாத காலி நிலத்தை மட்டும் பங்கு போட்டால் போதும் என்றாகிவிட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்க. 9 ஏக்கர் மில்லில் 6 ஏக்கரில் கட்டிடம் இருந்தால், 3 ஏக்கருக்குத்தான் பங்கு. மாநகராட்சிக்கு 3 ஏக்கர் வர வேண்டிய இடத்தில் 1 ஏக்கர்தான் வரும். மக்கள் வழக்குப் போட்டார்கள். 2005-ல் உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2006-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, திருத்தம் செல்லும் என்றது.

மில் நின்ற இடங்களில் மால்களும் ஆபீஸ்களும் எழுந்தன. கூட்டம் பெருகியது, வழி பெருகவில்லை. 2017 செப்டம்பரில் எல்பின்ஸ்டன் ரோடு ரயில் நிலையத்தின் குறுகிய நடைபாலத்தில் நெரிசலில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தொழிலாளர்கள் விடாமல் போராடியதால் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் குலுக்கலில் வீடு கிடைத்தது. கிடைக்காதவர்கள் அதைவிட அதிகம்.

நமக்கு என்ன?

நம் வீட்டுப் பிள்ளைகளும் பஸ் ஏறி மில்லுக்குப் போகிறார்கள். தமிழ்நாட்டில் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. நிலப் பயன்பாட்டை மாற்றும் முன் நாளிதழில் அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபணை கேட்பார்கள். சொன்ன நாளுக்குள் எழுத்து மூலம் கொடுத்தால்தான் அது பதிவாகும். அதில் கேட்க வேண்டியவை:

* வேலை இழப்பவர்களுக்கு என்ன வழி?
* பொதுவுக்கு எத்தனை ஏக்கர்? மொத்த நிலத்திலா, காலி நிலத்திலா?
* வீடு யாருக்கு, எந்த விலையில்?
* தண்ணீர், சாக்கடை, ரோடு தாங்குமா?

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுங்கள். இப்படி அறிவிப்பு வந்தால் கூட்டமைப்புக்குத் தெரியப்படுத்துங்கள். தீர்மானம் போட்டு மனுவாகக் கொடுப்போம்.