இசையரசர் தண்டபாணி தேசிகர்

சென்ற ஆண்டு வேற்றூரில் நடந்த ஓர் இசைப் போட்டியில், கர்நாடக இசைப் பிரிவில், என் நண்பன் 'துன்பம் நேர்கையில்' பாடலைப் பாட எழுந்தான். "சினிமாப் பாட்டெல்லாம் இங்கே வேண்டாம் தம்பி" என்று நடுவர் அவனை உட்கார வைத்துவிட்டார். பேருந்தில் திரும்பி வரும்போது அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. அப்பாடலின் வரலாற்றைத் தேடத் தொடங்கியது அந்த இரவில்தான்.

எழுதியவர் நம் புதுவையின் புரட்சிக் கவிஞர் பாரதிதாசன். இதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெருமாள் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த இல்லத்தைக் கடந்துதான் நம்மில் பலர் கல்லூரிக்கு வருகிறோம். ஆனால் மெட்டமைத்தவர் யார் என்று கேட்டால் விழிக்கிறோம். அவர்தாம் எம். எம். தண்டபாணி தேசிகர்.

1908-இல் திருச்செங்காட்டங்குடியில், தேவாரம் ஓதும் மரபில் பிறந்தவர். பின்னர்க் கும்பகோணம் இராஜமாணிக்கம் பிள்ளையிடம் பயின்றார். 1935-இல் 'பட்டினத்தார்' படத்திலும், 1942-இல் ஜெமினியின் 'நந்தனா'ரிலும் நடித்துப் பாடிப் பெரும்புகழ் பெற்றார். அந்தப் புகழிலேயே காலம் கழித்திருக்கலாம். அவரோ சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைத் தலைவராகப் பல்லாண்டுகள் பணிபுரிந்து மாணவர்களை உருவாக்கினார். 1941-இல் தமிழிசை மாநாடு கூடிய அதே பல்கலைக்கழகம் அது. தாமே பல கீர்த்தனைகளையும் இயற்றினார். அமிர்தவர்ஷிணியில் 'என்னை நீ மறவாதே', சாரமதியில் 'அருள வேண்டும் தாயே' ஆகியவை இன்றும் மேடைகளில் ஒலிக்கின்றன.

தமிழில் பாடியதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. 1946-இல் திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனையில் தமிழ்ப் பாடலொன்றைப் பாடியதால் எதிர்ப்புக் கிளம்பிற்று. சந்நிதியே தீட்டுப்பட்டதாகச் சொல்லப்பட்டது. 'குடி அரசு' ஏடு அதைக் கண்டித்து எழுதிற்று. தாய்மொழியில் பாடினால் தீட்டு! என் பாட்டனாரிடம் சொன்னேன். அவர் சிரித்தார், வியக்கவில்லை.

இனி மெட்டுக்கு வருவோம். தேசிகர் எடுத்துக்கொண்ட ராகம் தேஷ். இது வடநாட்டிலிருந்து வந்தது; நம் முறையில் அரிகாம்போதியின் ஜன்னியமாகக் கொள்வர். ஏறும்போது ச ரி ம ப நி ச. காந்தாரமும் தைவதமும் இல்லை. இறங்கும்போது ஏழு சுரங்களும் உண்டு. இயற்பியல் மாணவனாகிய எனக்கு வியப்பளித்தது நிஷாதம்தான். ஏறுவது காகலி நிஷாதத்தில். இறங்குவது கைசிகி நிஷாதத்தில். ஆதார சட்சத்தை 240 அதிர்வுகளாக வைத்தால், காகலி 15/8 விகிதத்தில் 450; கைசிகி, ஒரு கணக்கின்படி, 9/5 விகிதத்தில் 432. வேறுபாடு பதினெட்டே அதிர்வுகள்! ஆயினும் மேலே போகையில் ஏங்கிய குரல், திரும்புகையில் தணிந்து விடுகிறது. துன்பம் வரும்போது யாழ் மீட்டி ஆற்ற மாட்டாயா என்று காதலியிடம் கேட்கும் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ராகம் எனக்குத் தோன்றவில்லை. (ராக ஞானம் உடைய பேராசிரியர்கள் என் துணிச்சலைப் பொறுத்தருள்க.)

1951-இல் அறிஞர் அண்ணாவின் கதையான 'ஓர் இரவு' படமாயிற்று. இசையமைப்பாளர் ஆர். சுதர்சனம் தேசிகரின் மெட்டையே அதில் எடுத்தாண்டார். எனவே பாட்டு சினிமாவிலிருந்து கச்சேரிக்கு வரவில்லை. கச்சேரியிலிருந்துதான் சினிமாவுக்குப் போயிற்று. அந்தப் படத்தின் வழியாகத்தான் அது என் தாயிடமும் வந்து சேர்ந்தது. அவர் பள்ளி வாசலை மிதித்தவரல்லர்; தேஷ் என்ற பெயரையும் கேட்டதில்லை. ஆனாலும் மாவரைக்கும்போது முணுமுணுக்கையில் அந்த இரண்டு நிஷாதங்களும் பிசகுவதில்லை. நான் அருகிலிருந்து சோதித்துப் பார்த்துவிட்டேன்.

தேசிகர் 1972-இல் மறைந்தார்.

என் நண்பன் இவ்வாண்டுப் போட்டிக்கும் அதே பாடலைத்தான் கொடுத்திருக்கிறான். விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். 'பாடல்: பாரதிதாசன். இசை: எம். எம். தண்டபாணி தேசிகர். ராகம்: தேஷ்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்.