முயல் முடி உதிர்க்கும்போது

பன்வில மலைப்பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய், பழைய கொழுந்துக் கூடையில் வெள்ளை முயலொன்றைச் சுமந்து வந்தார். கூடவே ஏழு வயது மகளும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். "சாமி, சோத்துலயும் முடி, பாயிலயும் முடிங்க. இத காட்டுல விட்டுறலாமுங்களா?" என்பதே தாயின் கேள்வி.

காட்டில் விடுவது அதைக் கொல்வதற்குச் சமம். நக்கிள்ஸ் அடிவாரத்தில் நாம் காணும் காட்டு முயல் வேறொரு இனம். வீட்டு முயலோ ஐரோப்பாவின் ஸ்பெயின், போர்த்துக்கல் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்டது. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால்தான் இந்தக் குழப்பம்.

முடி உதிர்வது நோயன்று. பழைய முடி விழுந்து புதுமுடி முளைப்பது முயலின் இயல்பு. குளிர் நாடுகளில் பகல் நேரம் நீண்டு குறுகுவதை ஒட்டி இது ஆண்டில் இரு தடவை பலமாக நிகழும். நமது பகுதியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியால வித்தியாசங்கூட இல்லை. எனவே இங்கே முடி உதிர்வை மாதம் குறித்து எதிர்பார்க்க முடியாது. முடியை விலக்கிப் பாருங்கள். தோல் சுத்தமாக இருந்து, அடியில் குட்டையான புதுமுடி தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. முயல் தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்யும். உதிரும் முடி வயிற்றுக்குள் போகும். பூனையைப் போல அதனால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதைத் தள்ளிக்கொண்டு போவது புல்லின் நார். அந்தத் தாயிடம் "என்ன கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டேன். பாண், ரொட்டித் துண்டு, எப்போதாவது கரட். புல் இல்லை! அன்பினால் செய்த காரியந்தான், ஆனால் மாச்சத்து மிகுந்து நார் குறைந்தால் குடல் மந்தமாகி, முடியும் உணவும் கட்டியாக இறுகிவிடும். முடி மட்டும் குடலை அடைப்பதில்லை. மந்தமான குடலில்தான் அது தேங்குகிறது.

முயலின் உணவில் ஐந்தில் நான்கு பங்காவது புல்லாக இருக்கட்டும். பாதையோரத்துக் கினிப்புல்லும் அறுகும் நல்லவை. களைகொல்லி தெளித்த தேயிலை மலையில் மாத்திரம் அறுக்க வேண்டாம். மழையில் நனைந்த புல்லைக் குவித்து வைத்தால் சூடேறிப் புளித்துவிடும். உதறிப் பரப்பி வையுங்கள். பாணிலிருந்து புல்லுக்கு ஒரே நாளில் மாற்றாமல் சில நாட்கள் எடுத்து மாற்றுங்கள். தண்ணீர் எந்நேரமும் கனமான கிண்ணமொன்றில் இருக்கட்டும். அன்னாசிச் சாறு வயிற்றிலுள்ள முடியைக் கரைக்கும் என்பது பழைய நம்பிக்கை. அது முடியைக் கரைப்பதில்லை, அதிலுள்ள சீனி குடலைக் கெடுக்கவும் கூடும்.

உதிரும் காலத்தில் தினமும் முயலை இஸ்தோப்புக்குக் கொண்டுபோய், ஈரக்கையால் முதுகைப் பல தடவை நீவுங்கள். பெரும்பாலான முடி கையோடு வந்துவிடும். பிறகு மென்மையான சீப்பால் வாரலாம். முயலின் தோல் மிக மெல்லியது, இழுத்தால் கிழியும். ஆகவே சிக்கலைப் பிய்க்காதீர்கள். குளிப்பாட்டவும் வேண்டாம், குளிரும் பயமும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரே காம்பிராவில் சமைத்து, உண்டு, உறங்கும் குடும்பத்துக்கு இந்தப் பத்து நிமிட வேலையே பெரிய விடுதலை. வீட்டில் இழுப்பு உள்ள பிள்ளை இருந்தால், முயலின் கூண்டை உறங்குமிடத்துக்கு வெளியே, மழையும் நாயும் அண்டாத இடத்தில் வையுங்கள்.

புழுக்கையைக் கவனிப்பது நல்ல பழக்கம். பெரிதாக, உருண்டையாக, உடைத்தால் வைக்கோல் போல இருந்தால் குடல் சரி. சிறுத்து, முடியில் கோத்த மணிமாலை போல வந்தால் எச்சரிக்கை. பன்னிரண்டு மணித்தியாலம் முயல் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். வயிறு ஊதியிருந்தால் வாயில் எதையும் திணிக்காதீர்கள்.

எல்லா உதிர்வும் இயல்பானதன்று. பிடரியில் பொடுகு நிறைந்து, அது அசைவதுபோல் தெரிந்தால் அது உண்ணி. வட்டமாக முடி கொட்டிச் செதிலாக இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம்; ஈரமான கூண்டில் இது எளிதில் பரவும், பிள்ளைகளின் கையிலும் தொற்றும். பெண் முயல் தன் மார்பு முடியைத் தானே பிடுங்கினால் அது பெரும்பாலும் குட்டிக்கு மெத்தை. சினைக்காலம் ஏறத்தாழ 31 நாட்கள். அப்போது மருந்தைத் தேடாமல், ஒரு பெட்டியும் உலர்ந்த புல்லும் கொடுங்கள்.

நாய்க்கு உண்ணி போக வாங்கிய பிப்ரோனில் மருந்தை முயலுக்குப் போடக் கூடாது. வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலின் மாத்திரையைக் கரைத்து ஊற்றவும் கூடாது. இரண்டும் முயலைக் கொல்லக்கூடியவை. உண்ணிக்கு ஐவர்மெக்டின் உண்டு, ஆனால் நிறையைப் பார்த்து வைத்தியரே அளவு சொல்ல வேண்டும்.

அருகிலுள்ள அரச கால்நடை வைத்தியரிடம் முதலில் காட்டுங்கள். அவர் அனுப்பினால், வத்துகாமம், கண்டி வழியாகப் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை வைத்தியப் போதனா வைத்தியசாலைக்குப் போகலாம். முயலைப் பட்டினியாகக் கொண்டுபோக வேண்டாம். கூடையில் ஒரு பிடி புல்லையும், அன்று காலை போட்ட புழுக்கையைக் கடதாசியில் மடித்தும் வையுங்கள். வைத்தியர் அதைத்தான் முதலில் கேட்பார்.