ஃபுலானி போர்வையை நிட்டிங் ஊசியில் பின்னலாமா? பட்டைக் கணக்கு தெரிஞ்சா போதும்!

வெள்ளைக் கம்பளி, அதன்மேல் சிவப்பு, கறுப்பு, மஞ்சளில் முக்கோணமும் கட்டமும். மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியில் ஃபுலானி மக்கள் போர்த்தும் ‘கசா’ போர்வையைப் பார்த்தால், நிட்டிங் தெரிந்தவர்களுக்குக் கை பரபரக்கும். தாராளமா பின்னலாம். ஆனா, டிசைனை மட்டும் காப்பி அடிச்சா பாதி விஷயம் விட்டுப்போயிடும்.

யாருடைய போர்வை?

ஃபுலானிகளில் பலர் கால்நடை மேய்ப்பவர்கள். நைஜர் ஆறு பல கிளைகளாகப் பரவும் சமவெளியில், மாடு ஆடுகளோடு திறந்தவெளியில் இரவைக் கழிப்பார்கள். டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் அங்கே நல்லாவே குளிரும். கொசுத் தொல்லையும் உண்டு. இரண்டையும் தடுப்பது கசாதான். செம்மறியாட்டு ரோமத்தைப் பெண்கள் நூற்பார்கள். ‘மாபூபே’ எனப்படும் பரம்பரை நெசவாளர்களான ஆண்கள் நெய்வார்கள்.

ஏன் பட்டை பட்டையாக?

தறி குறுகலானது. சுமார் 20 செ.மீ. அகலத்துக்குத்தான் நெய்ய வரும். அதனால் நீளப் பட்டைகளாக நெய்து, ஆறேழு பட்டைகளைப் பக்கம் பக்கமாகத் தைப்பார்கள். எல்லாப் பட்டையிலும் டிசைன் ஒரே உயரத்தில் விழணும். ஒன்றில் கணக்கு தப்பினா, மொத்தப் போர்வையும் கோணலாகத் தெரியும்.

ஊசியில் எப்படி?

நெசவில் பாவு நூலுக்குக் குறுக்கே ஊடு நூல் ஓடும். நிட்டிங்கில் நூல் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொள்ளும். அதனால் துணி இழுபடும். பெரிய போர்வையை ஒரே துண்டாகப் பின்னினால் எடையிலேயே தொங்கி நீளும். பட்டைகளாகப் பின்னித் தைத்தால், தையல்கள் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும்.

முதலில் சின்னத் துண்டு ஒன்றைப் பின்னி அளந்து பாருங்க. 10 செ.மீ.க்கு 18 கண்ணி வந்தால், 20 செ.மீ. பட்டைக்கு 36. தையலுக்கு இருபுறமும் ஒன்று சேர்த்தால் 38. நீளத்துக்கு டேப்பை நம்பாதீங்க, வரிசைகளை எண்ணுங்க. எல்லாப் பட்டைக்கும் அதே எண்ணிக்கை இருக்கணும். ஒரு பட்டை பைக்குள் அடங்கும் என்பதால், ஆபீஸ் போகும் பஸ்ஸிலும் பின்னலாம்.

பெயரையும் சொல்லுங்க

விலை குறைந்த மில் போர்வைகள் வந்தபின் கசா நெய்வது குறைந்துவிட்டது. இந்த நிலையில் படம் போடும்போது ‘ஆப்பிரிக்கன் டிசைன்’ என்று எழுதினால், 54 நாடுகளுக்குள் நெய்தவர் காணாமல் போய்விடுவார். ‘கசா’ என்று மட்டும் போடுவதும் சரியில்லை. அது தறியில் நெய்வது. ‘மாலியின் ஃபுலானி கசாவைப் பார்த்துப் பின்னியது’ என்று ஒரு வரி போட்டால் போதும்.