துணை வெற்றிடப் பம்பு (கார் பிரேக்)

துணை வெற்றிடப் பம்பு என்பது, காரின் பவர் பிரேக்குக்குத் தேவையான வெற்றிடத்தை மின்சாரத்தால் உருவாக்கித் தரும் சிறிய பம்பு ஆகும். எஞ்சினிலிருந்து போதிய வெற்றிடம் கிடைக்காத கார்களிலும், எஞ்சினே இல்லாத மின்சாரக் கார்கள் சிலவற்றிலும் இது பயன்படுகிறது.

பூஸ்டர் செயல்படும் விதம்

பிரேக் மிதிக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையில் உள்ள வட்ட வடிவ உலோகக் கலமே பூஸ்டர். அதனுள் உள்ள ரப்பர் திரை கலத்தை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. மிதிக்காதபோது இரண்டு அறைகளிலும் வெற்றிடம் இருக்கும். மிதித்தவுடன் ஓர் அறைக்குள் வெளிக்காற்று நுழைந்து திரையைத் தள்ளுகிறது. திரையின் விட்டம் 23 செ.மீ., அழுத்த வேறுபாடு 500 மி.மீ. பாதரசம் எனில், சுமார் 280 கிலோ எடைக்கு நிகரான விசை காலுக்குத் துணையாகக் கிடைக்கும்.

பெட்ரோல் எஞ்சினில் இந்த வெற்றிடம் காற்று உள்ளிழுக்கும் குழாயிலிருந்து பெறப்படுகிறது. டீசல் எஞ்சினில் அங்கே போதிய வெற்றிடம் உருவாகாததால், எஞ்சினால் சுழலும் தனிப் பம்பு இருக்கும். எஞ்சின் நின்றால் ஒருவழி வால்வு, பூஸ்டரில் எஞ்சிய வெற்றிடத்தைக் காக்கும். அது இரண்டு மூன்று முறை மிதிப்பதற்கே போதும். பிறகு மிதி கல்லைப் போல் இறுகிவிடும்.

தொப்பூர் இறக்கம்

தருமபுரி மாவட்டம் இண்டூர்ப் பகுதியிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 44 வழியாகச் சேலம் செல்லும் கார், தொப்பூர் கணவாயில் நீண்ட இறக்கத்தைக் கடக்க வேண்டும். விபத்துகளுக்குப் பெயர்பெற்ற இந்த இறக்கத்தில், எரிபொருளை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்து நியூட்ரலில் இறங்கினால், பூஸ்டரின் இருப்பு சில மிதிகளில் தீர்ந்துவிடும். மாறாக, குறைந்த கியரில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது எஞ்சினும் வேகத்தைக் கட்டுப்படுத்தும். பெட்ரோல் எஞ்சினில் வெற்றிடமும் மிகுதியாக உருவாகும். லாரி, பேருந்துகளில் காற்றழுத்த பிரேக் உள்ளதால் இந்தப் பம்பு அவற்றுக்குப் பொருந்தாது.

பொருத்துமுன் சோதனை

மிதி கடினமாக இருப்பதற்குக் கிழிந்த ரப்பர் திரை, வெடித்த ஹோஸ், பழுதான ஒருவழி வால்வு ஆகியவையும் காரணமாகலாம். எஞ்சினை நிறுத்தி நான்கைந்து முறை மிதித்து, காலை எடுக்காமல் எஞ்சினை இயக்க வேண்டும். மிதி சற்றே கீழிறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது எனலாம். இறங்காவிட்டால் முதலில் பழுதைச் சரிசெய்ய வேண்டும். கசிவுள்ள அமைப்பில் பம்பைச் சேர்த்தால், அது ஓயாமல் ஓடிப் பழுதாகும். கசிவும் வெளியே தெரியாமல் போகும்.

பொருத்தும் முறை

1. பம்பை சைலன்சர் குழாயின் வெப்பமும் மழைநீரும் படாத இடத்தில், அதிர்வைத் தாங்கும் ரப்பர் தாங்கிகளின் மீது பொருத்த வேண்டும்.

2. பூஸ்டருக்குச் செல்லும் குழாயில் டி இணைப்பு வைத்துப் பம்பை இணைக்க வேண்டும். எஞ்சின் பக்கம், பம்பு பக்கம் இரண்டிலும் ஒருவழி வால்வு தேவை. வெற்றிடத்துக்கென்றே செய்யப்பட்ட ஹோஸையே பயன்படுத்த வேண்டும். சாதாரணக் குழாய் உட்புறமாகச் சப்பிவிடும்.

3. பேட்டரியிலிருந்து வரும் கம்பியில், பேட்டரிக்கு அருகிலேயே பியூஸ் வைத்து, ரிலே வழியாக மின்சாரம் தர வேண்டும். சாவி போட்டிருக்கும்போது, எஞ்சின் நின்றாலும் பம்பு இயங்கும்படி இணைப்பு அமைய வேண்டும்.

4. வெற்றிடம் குறைந்தால் பம்பை ஓட்டி, நிறைந்தால் நிறுத்தும் சுவிட்சை பூஸ்டர் பக்கம் இணைக்க வேண்டும்.

சுவிட்சின் அளவைத் தேர்ந்தெடுக்கும்போது கடல்மட்ட உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம். சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் அது 580 மி.மீ. அளவுக்குக் குறைகிறது. எந்தப் பம்பாலும் முழு வெற்றிடத்தை எட்ட முடியாது. எனவே 550 மி.மீ. அளவில் நிற்கும்படி அமைத்த பம்பு, உதகையில் நிற்காமல் ஓடக்கூடும்.

வரம்புகள்

இந்தப் பம்பு காலின் உழைப்பைக் குறைக்கும். பிரேக்கின் வெப்பத்தைக் குறைக்காது. நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் பிரேக் பேட் சூடேறிப் பிடிப்பை இழக்கும். அதைத் தவிர்க்கக் குறைந்த கியரே வழி. பிரேக் உயிர்காக்கும் அமைப்பு என்பதால், பயிற்சி பெற்ற மெக்கானிக்கைக் கொண்டு பொருத்தி, ஆளில்லாத சமதளத்தில் மெதுவாக ஓட்டிச் சோதித்த பின்னரே சாலையில் எடுக்க வேண்டும்.